நடக்க வைக்கும் செயலியும் திறக்க வைக்கும் செயலியும்

(சங்கத்தின் ஆரோக்கிய மாலை நிகழ்ச்சியில், செயலி வடிவமைப்புத் துறையில் பணிபுரியும் நம் குடியிருப்புவாசி ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எடைக் குறைப்பு பற்றிப் பேச அழைத்துவிட்டு, கீழே பஜ்ஜிக்கு ஆர்டர் கொடுத்திருப்பது அவருடைய நகைச்சுவை உணர்வு என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். என் தொழில் மொபைல் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது. எந்த நிறத்தில் பட்டன் இருந்தால் தொடுவீர்கள், எத்தனை மணிக்கு நோட்டிஃபிகேஷன் வந்தால் திறப்பீர்கள், எந்த இடத்தில் சலித்துப்போய் மூடுவீர்கள் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் உங்கள் போனில் இருக்கும் எடைக் குறைப்புச் செயலி உங்களை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறது என்பதை உள்ளிருந்து சொல்ல முடியும்.

இதை இப்போது பேசக் காரணம் உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து 90 நாள் சேலஞ்ச் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. எல்லோரும் ஒரே செயலியை டவுன்லோடு செய்வது, ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்து வாட்ஸ்அப் குரூப்பில் ரேங்க் பட்டியல் போடுவது என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் வந்த யோசனைதான். தேவையும் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் அதிக எடை கொண்டவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 31, 28 என்று இருந்தது. சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏற்றம். ஆனால் அந்த ரேங்க் பட்டியல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் என்ற ஆராய்ச்சியாளர் 1998இல் ஓர் ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் மனிதனின் பழக்கத்தை மாற்ற முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் கண்ட விடை சுருக்கமானது. ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்: செய்யும் ஆசை, செய்வது சுலபமாக இருப்பது, இப்போது செய் என்று ஒரு தட்டு. காலையில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் தேதி ஆசை உச்சத்தில் இருக்கும். ஆனால் ஷூ லாஃப்டில் இருக்கிறது என்றால் சுலபம் போயிற்று. எழுப்ப ஆளில்லை என்றால் தட்டு போயிற்று. ஆசை மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு போர்வைக்குள் படுத்திருக்கலாம்.

நல்ல வடிவமைப்பாளர் ஆசையை அதிகம் நம்ப மாட்டார். அது ஏறும், இறங்கும். மற்ற இரண்டில்தான் வேலை செய்வார். ஷூவை வாசலுக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் ஸ்டெப்ஸ் தானாகவே எண்ணப்படுவது, நேற்றுச் சாப்பிட்ட அதே டிபனை ஒரே தொடலில் இன்றைக்கும் பதிவு செய்ய முடிவது எல்லாம் சுலபமாக்கும் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் மெசேஜ் தட்டும் வேலை.

இனி, செயலிகளில் நிஜமாகவே பயன் தரும் பகுதி எது? என் கணிப்பில் ஒன்றுதான் முதன்மையானது: எழுதி வைப்பது. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் கிட்டத்தட்ட 1,700 பேரைக் கவனித்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆலோசனை, ஒரே வகுப்பு. வாரத்தில் ஆறு நாளோ அதற்கு மேலோ சாப்பாட்டை எழுதி வைத்தவர்கள், எழுதாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இதற்கு நோட்டும் பேனாவும்தான். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். 142 பேர் ஆன்லைனில் சாப்பாட்டைப் பதிவு செய்தார்கள். முதல் மாதம் அதற்கு நாளொன்றுக்கு 23 நிமிடம் ஆயிற்று. ஆறாவது மாதம் 15 நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்பது முக்கியமாக இல்லை. ஒரு நாளில் எத்தனை தடவை பதிவு செய்தார்கள் என்பதுதான் எடையோடு சேர்ந்து போயிற்று. அதாவது, கொஞ்சமாக எழுதினாலும் அடிக்கடி எழுதியவர்களுக்குப் பலன்.

நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுச் செயலிகள் ரொட்டி, சீஸ், டப்பாவில் வரும் உணவு ஆகியவற்றைச் சுலபமாகக் கணக்கிடும். டப்பாவின் பார்கோடைக் காட்டினால் போதும். வத்தக்குழம்புக்குப் பார்கோடு ஏது? பெங்களூரில் 2012இல் ஆரம்பித்த ஹெல்திஃபைமீ போன்றவை இந்தியச் சாப்பாட்டைப் பட்டியலில் சேர்த்ததால்தான் இங்கே பிடிபட்டன. அப்போதும் இட்லி ஒன்று என்றால் எந்த வீட்டு இட்லி? எங்கள் வீட்டு இட்லித் தட்டும் எதிர்வீட்டுத் தட்டும் ஒரே அளவில்லை. பாதித் தட்டில் இருக்கும்போது அம்மா வைக்கும் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ எந்தச் செயலியிலும் பதிவாவதில்லை. திரையில் 1,347 கலோரி என்று துல்லியமாக ஓர் எண் வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். அது தோராயம். ஆனால் தோராயமாக இருந்தாலும் தினமும் குறித்தால் பலன் உண்டு, ஏனென்றால் எழுதும்போது கை ஒரு நிமிடம் நிற்கிறது. அந்த நிற்பதுதான் மருந்து.

அடுத்து 10,000 ஸ்டெப்ஸ். ஏதோ மருத்துவ உலகம் கூடி முடிவு செய்த எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்தது. அடுத்த ஆண்டு ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை ‘மான்போ-கேய்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரின் பொருளே பத்தாயிரம் அடி மீட்டர். விற்பனைக்கு வைத்த பெயர் உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. 2019இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சராசரி வயது 72 கொண்ட 16,700 பெண்களின் நடையைக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனபோது பலன் கூடவில்லை. பாட்டிமார்களுக்கு இது நல்ல செய்தி. பத்தாயிரம் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லை.

அதே சமயம் இலக்கே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அடி எண்ணும் கருவிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்டபோது, அதைக் கட்டிக்கொண்டவர்கள் நாளுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்தது தெரிந்தது. ஆனால் ‘இவ்வளவு நடக்க வேண்டும்’ என்று இலக்கு இல்லாமல் கருவியை மட்டும் மாட்டிக்கொண்டவர்களிடம் பெரிய மாற்றமில்லை. இலக்கு வேண்டும், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. இன்று 3,000 நடப்பவருக்கு 4,000. இன்று 8,000 நடப்பவருக்கு அதைக் காப்பாற்றிக்கொள்வதே போதும்.

இப்போது கொஞ்சம் வில்லங்கமான பகுதி. ‘ஸ்ட்ரீக்’ தெரியும்தானே? தொடர்ச்சியாக 41 நாள், 42 நாள் என்று தீச்சுடர் படம் போட்டுக் காட்டுவார்கள். 1979இல் டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர், நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலையும் வலி பெரிது என்ற கருத்தை முறையாக எழுதினார்கள். ஸ்ட்ரீக் அந்த வலியின் மேல் கட்டியது. நடப்பதற்காக நடப்பதில்லை, 42ஐ இழக்கக் கூடாது என்று நடக்கிறோம். இரவு பதினொன்றே முக்காலுக்கு நம் கார் பார்க்கிங்கில் போனைக் கையில் பிடித்தபடி வேகமாகச் சுற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். யார் என்று சொல்ல மாட்டேன், இரண்டு பேர் முன்வரிசையிலேயே சிரிக்கிறார்கள்.

நடந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். 43ஆவது நாள் காய்ச்சல் வருகிறது, அல்லது திருமணத்துக்கு ஊருக்குப் போகிறோம். எண் பூஜ்யமாகிவிடுகிறது. அன்றைக்கு ஒரு நாள் விட்டவர் அதோடு செயலியையே விட்டுவிடுவதுதான் நடக்கிறது. வருடத்தில் பொங்கல், தீபாவளி, கல்யாண சீசன் என்று இத்தனை இருக்கும் ஊரில், விடுமுறையே இல்லாத ஸ்ட்ரீக் தோற்பதற்காகவே வைத்த போட்டி. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சலுகை கொடுக்கும் செயலிகளும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும்போது அதைப் பாருங்கள்.

செயலி வைத்திருந்தால் எடை குறையுமா என்ற நேரடிக் கேள்விக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2014இல் கலிஃபோர்னியாவில், டாக்டரிடம் வழக்கமாக வரும் அதிக எடை கொண்ட 212 பேரில் ஒரு பாதிக்கு மைஃபிட்னஸ்பால் செயலியை அறிமுகப்படுத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோர் செயலியைத் திறப்பதே குறைந்துவிட்டது. இரண்டாவது, பிட்ஸ்பர்க்கில் நடந்து 2016இல் வெளியானது. 471 இளைஞர்கள், இரண்டு ஆண்டுகள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பிரிவினருக்கு மட்டும் உடலில் அணியும் கருவி. முடிவில் கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைத்திருந்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோ. வாங்கிய வாட்சைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இரு பிரிவினரும் குறைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். வாட்ச் கட்டியதாலேயே எடை குறையாது, அவ்வளவுதான். கணக்கும் அப்படித்தான். அரை மணி நேர வேக நடைக்குச் சுமார் 150 கலோரி செலவாகும். ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை நிரப்பிவிடும். வாட்ச் ‘சபாஷ்’ என்றதும் நம் கை தானாக வடைப் பக்கம் போகிறது.

இங்கேதான் தொழில் ரகசியம் ஒன்று. ரகசியம் என்ன, எல்லோருக்கும் தெரிய வேண்டியதுதான். செயலி நிறுவனங்களின் கூட்டங்களில் முதலில் திரையில் வரும் எண், நேற்று எத்தனை பேர் திறந்தார்கள் என்பது. அடுத்தது, எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள். உங்கள் எடை பல பக்கங்கள் தள்ளித்தான் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. திறப்பதை உடனே அளக்க முடிகிறது, ஆரோக்கியத்தை அளக்க ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் எதை அளக்கிறோமோ அதற்காகத்தான் வடிவமைப்போம். உங்களைத் திறக்க வைப்பதும் உங்களை நடக்க வைப்பதும் பாதி தூரம் ஒரே பாதையில் போகும். அதற்குப் பிறகு பிரியும்.

பிரிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நூம் உதாரணம். உளவியல் அடிப்படையிலான எடைக் குறைப்பு என்று பெயர் வாங்கிய செயலி. இலவச சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறது, ரத்து செய்வது கடினமாக இருக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். 2022இல் 6.2 கோடி டாலர் மதிப்பில் சமரசத்துக்கு வந்தது நிறுவனம். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க விதிமுறைகள் வெளியிட்டது. 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சந்தாவில் சிக்க வைப்பது அதில் ஒன்று. ‘வேண்டாம், எனக்கு என் ஆரோக்கியத்தில் அக்கறை இல்லை’ என்று எழுதிய பட்டனைத் தொட வைத்துக் கூச வைப்பதும் ஒன்று.

ஒரு நிமிடம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். செயலியை அழித்தால் சந்தா அழியாது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதியில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பாருங்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்த யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற இடத்தில் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் போய்விட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கிள், ஆன்ட்டி யாருக்காவது இது புரியவில்லை என்றால் பேச்சு முடிந்ததும் போனைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம்.

தகவல் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் மைஃபிட்னஸ்பாலின் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடுபோயின. அதே ஆண்டு, ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட ஓட்டப் பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகள்கூடப் பளிச்சென்று தெரிந்தன. நம் வீட்டுப் பெண்கள் தினமும் எத்தனை மணிக்கு எந்த வழியில் நடக்கிறார்கள் என்பது வெளியாருக்குத் தெரியத் தேவையில்லை. பாதையைப் பகிரும் வசதியை அணைத்து வையுங்கள்.

இனி நம் சேலஞ்சுக்கு வருகிறேன். கூட்டாகச் செய்தால் பலன் உண்டு, அதில் சந்தேகமில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊரில் 94 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் பிரிவில் இருந்த குடும்பத்துக்கு வாரத் தொடக்கத்தில் 70 புள்ளி கையில் கொடுத்துவிடுவார்கள். தினமும் குலுக்கலில் வீட்டில் ஒருவர் பெயர் வரும். அவர் முந்தின நாள் தன் இலக்கை எட்டியிருந்தால் புள்ளி தங்கும், இல்லையென்றால் 10 போகும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் நடந்தார்கள். இந்தப் பிரிவினர் 53 சதவீத நாட்களில் இலக்கை எட்டினார்கள். விளையாட்டு இல்லாதவர்கள் 32 சதவீதம். திங்கட்கிழமை மறுபடி 70 என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. போன வாரம் போனது போகட்டும்.

போட்டியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 2019இல் ஒரு பெரிய நிறுவனத்தின் 602 ஊழியர்களிடம் செய்த சோதனையில், ஒத்துழைப்பு, ஆதரவு ஆகியவற்றைவிடப் போட்டிதான் அதிகம் நடக்க வைத்தது. விளையாட்டை நிறுத்திய பிறகும் அந்தப் பிரிவில்தான் பலன் மிஞ்சியது. ஆனால் அங்கே போட்டி மூன்று மூன்று பேராக, நடையில் மட்டும். முந்நூறு வீடு பார்க்கும் வாட்ஸ்அப் குரூப்பில் கிலோ கணக்கில் இல்லை.

எடைப் பட்டியலில் எனக்குப் பயம் மூன்று பேரைப் பற்றி. தைராய்டு, ஸ்டீராய்டு மருந்து போன்ற காரணங்களால் எடை குறையாதவர், என்ன செய்தாலும் கடைசியில் நிற்பார். அடுத்த வாரம் பெயரை எடுத்துக்கொள்வார். அவருக்குத்தான் நடை அதிகம் தேவை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், ஞாயிற்றுக்கிழமை எடைக்காக சனிக்கிழமை இரவு பட்டினி கிடந்தால் லோ சுகர் ஆகிவிடும். மூன்றாவது, நம் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள். அந்த வயதில் கலோரி எண்ண ஆரம்பித்தால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வரக்கூடும். அவர்களுக்கு ஷட்டில் கோர்ட் போதும்.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள்: எடையைக் கேட்காதீர்கள், நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அவரவர் எவ்வளவு நடக்கிறார் என்று பார்த்து, அதற்கு மேல் ஆயிரம் அடி இலக்கு. குடும்பமாக அணி; தனியாக இருக்கும் பெரியவர்கள் அதே மாடியில் ஓர் அணியோடு சேரட்டும். வாரம் ஐந்து நாள் கணக்கு, இரண்டு நாள் விடுமுறை. குரூப்பில் ஒரு நாளைக்கு ஒரே மெசேஜ், காலை ஐந்தே முக்காலுக்கு. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில் ஒரு அட்டை, நடந்தால் ஒரு டிக். நோட்டும் பேனாவும் வேலை செய்யும் என்று 2008லேயே பார்த்தோமே.

இன்னொன்று. சுலபமாக்குவது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? பி பிளாக் பின்னால் நடைபாதையில் இரண்டு விளக்கு எரியவில்லை. மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது. மாடிப்படி மூன்றாவது தளத்தில் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டியும் பாதி வழியை அடைத்திருக்கின்றன. ஐந்தே முக்கால் மணிக்கு இருட்டில் நடக்கப் பயப்படும் பாட்டியை எந்த நோட்டிஃபிகேஷனும் வெளியே கொண்டுவராது. செயலிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க நினைத்த பணத்தில் முதலில் அந்த விளக்கைப் போட்டுவிட முடியுமா என்று கேட்கிறேன். பொருளாளர் மேடம் ஏதோ எழுதிக்கொள்கிறார், நல்ல அறிகுறி.

சேர விரும்புபவர்களுக்கான பதிவேடு இன்றிரவிலிருந்து செக்யூரிட்டி கேபினில் இருக்கும். வீட்டு எண்ணும் அணிப் பெயரும் எழுதினால் போதும். எடை என்று ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறார்கள், அதைக் காலியாக விட்டுவிடுங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.